புது இடுப்பும் மார்பளவுத் தண்ணீரும்

வீரபாண்டிப் பாலத்தின் மேல் பேருந்து நின்றுவிட்டது. முன்னால் வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே கிடந்தது. கண்டக்டர் இறங்கிப் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "இப்போதைக்கு நகராது. அவசரமாப் போறவுக நடந்து போங்க" என்றார்.

நான் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தேன். உட்கார இடம் இல்லாமல் இல்லை. அந்த இருக்கை தாழ்வானது. உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிட உயரத்துக்கு வந்துவிடும். என் முழங்கால் அப்படி உயரக் கூடாது. பக்கத்திலிருந்த அம்மாள் ஒருவர் என் துப்பட்டாவை முந்தானை நுனியைப் போலப் பிடித்து இழுத்தார்.

"ஏத்தா, சாச்சுச் சாச்சு நடந்து வந்தியே, உக்காரு. எடம் கெடக்குல்ல."

"வேணாங்கம்மா. நிக்கிறதுதேன் எனக்கு நல்லது."

"கால் சரியில்லாத புள்ளைக்கு நிக்கிறதுல என்ன நல்லது?" என்று அடுத்த சீட்டுக்காரியிடம் கேட்டார். "படிச்ச புள்ளைகளே இப்படித்தேன். நம்ம சொன்னாக் கேக்க மாட்டாக."

பதில் சொன்னால் நீளும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கீழே முல்லையாற்றில் நிறையப் பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். கரையில் போகிறவர்களின் நடையைத்தான் முதலில் பார்த்தேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு இது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் இடுப்பைப் பார்க்கிறேன். பருத்த உடம்புடைய ஓர் அக்கா இரண்டு பக்கமும் ஆடி ஆடி மணலில் நடந்து போனார். வலது மூட்டில் வலி இருக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் உதட்டைக் கடித்தார். தண்ணீரில் இறங்கினார். இடுப்பளவு, மார்பளவு, கழுத்தளவு. அவ்வளவுதான், அந்த நடை காணாமல் போய்விட்டது. ஆற்றில் தலைகள் மட்டும் மிதந்தன. தலையை வைத்துக்கொண்டு யாருக்கு எந்தக் கால் என்று யாராலும் சொல்ல முடியாது.

நானும் நீந்தினால் என்ன?

தோன்றிய அதே நொடியில் பயம் வந்து உட்கார்ந்தது. லாரியை ஓரங்கட்டிப் பேருந்து கிளம்பிய பிறகும் எழுந்து போகவில்லை. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று வீடு வரைக்கும் கூடவே வந்தது.

எனக்கு மாற்றியது இடது இடுப்பு. இந்த வயதில் இடுப்பு மாற்றமா என்று கேட்காதவர்கள் இல்லை. கல்லூரியில் படிக்கும்போது வேறொரு நோய்க்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டேன். நோய் போனது. போகும்போது தொடை எலும்பின் பந்துக்குப் போகிற ரத்தத்தையும் நிறுத்திவிட்டுப் போனது. பந்து கொஞ்சம் கொஞ்சமாக நொறுங்கியது. வலி தாங்காமல் கடைசியில் மதுரையில் அதை வெட்டி எடுத்துவிட்டு உலோகத்தில் ஒரு தண்டும், அதன் தலையில் ஒரு பந்தும், அது உட்கார ஒரு கிண்ணமும் வைத்தார்கள். இப்போது வலி இல்லை. வலிக்குப் பதிலாகப் பயம் இருக்கிறது. பந்து கிண்ணத்திலிருந்து நழுவிவிடுமோ என்கிற ஒரே பயம்.

நழுவாமல் இருக்க என்னென்ன செய்யக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். தரையில் உட்காரக் கூடாது. சம்மணம் போடக் கூடாது. குத்தவைக்கக் கூடாது. கால்மேல் கால் போடக் கூடாது. குனிந்து எதையும் எடுக்கக் கூடாது. கேட்டுக்கொண்டிருந்தபோதே எனக்குத் தலை சுற்றியது. எங்கள் பக்கத்து வாழ்க்கை முழுக்கத் தரையில்தானே நடக்கிறது! கல்யாண வீட்டில் பந்தி, கோயிலில் பிரசாதம், சமையலறையில் காய் நறுக்குவது, துக்க வீட்டில் போய் உட்காருவது எல்லாமே தரை. போன தையில் மாமா வீட்டுத் துக்கத்துக்குப் போனேன். பெண்கள் எல்லாரும் பாயில் உட்கார்ந்திருக்க, நடுவில் நான் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில், அதுவும் உயரத்துக்காக ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு நாற்காலி போட்டு, அதிகாரி மாதிரி உட்கார்ந்திருந்தேன். அழுதுகொண்டிருந்த அத்தை அழுகையை நிறுத்திவிட்டு, "இவ என்ன மேடையில ஏறி ஒக்காந்துக்கிட்டா?" என்று கேட்டார்.

வீட்டில் பழகிவிட்டது. சென்னைக் கம்பெனி வேலையைக் கம்பத்திலிருந்தே பார்க்கிறேன். மேஜைக்கு உயரமான நாற்காலி. பேனா விழுந்தால் எடுக்க நீளமான இடுக்கி. தூங்கும்போது முழங்கால்களுக்கு நடுவில் தலையணை. பழகாத ஒன்று, ஒவ்வொரு அசைவுக்கும் முன்னால் யோசிப்பது. யோசிக்காமல் ஓடி, யோசிக்காமல் கிணற்றில் குதித்து வளர்ந்த உடம்பு இது. இப்போது செருப்பு மாட்டுவதற்கு ஒரு திட்டம் வேண்டியிருக்கிறது.

அடுத்த முறை மதுரைக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று பயமா, சரி என்று சொல்லிவிடுவார் என்று பயமா, தெரியவில்லை.

"நீந்தலாமே. நல்லதுதான்" என்றார். "ஆனா குதிக்கக் கூடாது. தவளை மாதிரி காலை மடக்கி விரிச்சு உதைக்கக் கூடாது. காலை நீட்டி, லேசா மேலயும் கீழயும் அடிங்க. முக்கியமா, படி வழியா இறங்கணும், படி வழியா ஏறணும். கைப்பிடி இருக்கணும்."

அம்மா குறுக்கே விழுந்தார். "சார், உள்ள இருக்குற இரும்பு தண்ணி பட்டாத் துருப்பிடிக்காதுங்களா?"

டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். "தண்ணி உள்ளே போகாதும்மா. அது துருவும் பிடிக்காது" என்றார்.

அண்ணனுக்கு அந்தப் பெருந்தன்மை எல்லாம் கிடையாது. ஆண்டிபட்டி கணவாய் தாண்டி வீடு வந்து சேரும் வரைக்கும் காரில் அதே பேச்சுதான். "ஏம்மா, துருவை விடு. கடப்பாரைய முழுங்குன மாதிரி இருக்கா. தண்ணியில போட்டா நேரா அடிக்குத்தேன். பெறகு காந்தம் கட்டித்தேன் எடுக்கணும்."

"அது டைட்டானியம்டா. காந்தத்துல ஒட்டாது."

"அப்ப எடுக்கவே முடியாது" என்றான்.

சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் டாக்டர் சொன்னதில் ஒரு வரி மட்டும் மனசில் நின்றது. தவளை மாதிரி உதைக்கக் கூடாது. எனக்குத் தெரிந்த நீச்சலே அது ஒன்றுதான். எங்கள் ஊரில் நீச்சல் சொல்லித்தருவது என்றால் முதுகில் காய்ந்த சுரைக்காயைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிடுவார்கள். கால் தானாக மடங்கித் தானாக விரியும். வேறு நீச்சல் என் காலுக்குத் தெரியாது. ஆபத்து நேரத்தில் கால் என்னைக் கேட்டுக்கொண்டா உதைக்கும்?

தேனியில் எனக்குப் பயிற்சி கொடுப்பவர் மலையோர எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த மலையாளப் பெண். படி ஏறி இறங்க அவர்தான் பழக்கினார். "நல்ல கால் மேல போகும், ஆபரேஷன் கால் கீழ போகும்" என்று பாட்டு மாதிரிச் சொல்லச் சொல்வார். அதாவது ஏறும்போது முதலில் வலது, இறங்கும்போது முதலில் இடது. மாற்றி வைத்தால் மொத்தப் பாரமும் புது இடுப்பில் இறங்கும், அதுவும் மடங்கிய நிலையில். நீந்தப் போகிறேன் என்றதும் என்னைக் கட்டிலில் கவிழ்த்துப் போட்டு, முழங்காலை மடக்காமல் காலடிக்கப் பழக்கினார். அவ்வப்போது முதுகில் தட்டி, "பேடிக்கண்டா மோளே" என்பார். பயப்படாதே மகளே என்று அர்த்தம். கட்டிலில் எனக்கு என்ன பயம்? கட்டிலில் நன்றாகவே நீந்தினேன்.

எங்கே நீந்துவது என்பதுதான் பெரிய கேள்வி. ஆற்றில் பாசி வழுக்கும். கிணறு என்றால் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல்படி. நல்ல இடுப்பு உள்ளவர்களே சுவரோடு ஒட்டித்தான் இறங்க வேண்டும். போதாததற்குக் கிணற்று மேட்டில் தயங்கி நிற்பவரைப் பின்னாலிருந்து தள்ளிவிடுவது எங்கள் பக்கத்து மரியாதை. அண்ணன் தள்ளமாட்டான் என்று மூளைக்குத் தெரியும். முதுகுக்குத் தெரியாது.

மிச்சம் இருந்தது தோட்டத்துத் தொட்டி. சுருளி போகிற வழியில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. கிணற்றிலிருந்து மோட்டார் தண்ணீரை ஏற்றி, தொட்டியில் நிறுத்தி, அங்கிருந்துதான் சொட்டுநீர்க் குழாய்க்கு விடுவார் அப்பா. சிமெண்டுத் தொட்டி, இரண்டு வீட்டு அகலம். உள்ளே இறங்கி வண்டல் அள்ளுவதற்காக ஒரு மூலையில் படி கட்டியிருக்கிறது. கைப்பிடி இல்லை. கேலி பேசிய அண்ணனே வெல்டிங் ஆளைக் கூட்டி வந்து படியோரம் ஒரு இரும்புக் குழாயைப் பதித்தான். "மாட்டுக்குக் கட்டுத்தறி, ஒனக்கு இது" என்றான்.

நான் இறங்குவதாக இருந்த நாள் காலையில் அப்பா மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை மார்பளவுக்கு நிறுத்திவிட்டு, "நான் அங்கன பந்தலுக்குள்ள இருக்கேன்" என்று போய்விட்டார். பார்த்துக்கொண்டு நிற்க அவருக்குத் தைரியம் இல்லை. பந்தலுக்கு அடியிலிருந்து கத்தரிக்கோல் சத்தம் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. அவர் எதையும் நறுக்கிக்கொண்டிருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சும்மா திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

அம்மா திருநீறு கொண்டுவந்திருந்தார். நெற்றியில் பூசினார். பிறகு இடுப்பிலும், துணிக்கு மேலேயே, பூசினார். நான் முதல் படியில் நின்றேன். தண்ணீர் கறுப்பாக, அசையாமல் இருந்தது. ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டேன். நல்ல கால் மேல போகும், ஆபரேஷன் கால் கீழ போகும். மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். இடது. இடதுதான். இடது காலைத் தூக்கப் போனேன்.

"ஆத்தா, வலது கால எடுத்து வச்சு எறங்கு" என்றார் அம்மா பின்னாலிருந்து.

யோசிக்காமல் வலது காலை வைத்தேன்.

பிறந்ததிலிருந்து கேட்ட சொல் அது. புது வீட்டுக்குள், கோயிலுக்குள், பள்ளிக்கூடத்துக்குள், முதல் நாள் வேலைக்குள், ஆபரேஷனுக்குப் போன ஆஸ்பத்திரி வாசலுக்குள்கூட வலது கால்தான் முதலில். அந்தக் குரலைக் கேட்டால் என் கால் என்னிடம் அனுமதி கேட்பதில்லை. படி உயரம் அதிகம். வலது கால் கீழே தேடிக்கொண்டே போக, மேலே நின்ற இடது கால் மடங்கிக்கொண்டே வந்தது. பாதம் எட்டுகிறதா என்று பார்க்க உடம்பு முன்னால் குனிந்தது.

டக்.

இடுப்புக்குள் கேட்டது. காதால் கேட்டேனா எலும்பால் கேட்டேனா தெரியாது. கத்தரிக்கோல் சத்தம் நின்றது. அம்மா, "அடி ஆத்தி!" என்று அலறினார். நான்தான் கத்தியிருக்கிறேன், அதனால்தான் எல்லாரும் பயந்தார்கள் என்று பிற்பாடு சொன்னார்கள். எனக்கு நினைவில் இல்லை. குழாயை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நின்றது மட்டும் நினைவில் இருக்கிறது. நழுவிவிட்டது. இதுதான். இப்போது வலி வரும். எங்கெங்கோ படித்திருந்தேன், நழுவினால் கால் குட்டையாகும், பாதம் உள்பக்கம் திரும்பிக்கொள்ளும், தாங்க முடியாத வலி வரும் என்று. வலிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. குனிந்து பாதத்தைப் பார்க்க வேண்டும், குனியக் கூடாது.

அண்ணன் சட்டையோடு தண்ணீருக்குள் குதித்திருந்தான். "டேய், என் பாதம் எந்தப் பக்கம் பாக்குது?" என்று கேட்டேன்.

"எந்தப் பக்கம் பாக்கணும்?"

"நேரா."

"நேராத்தேன் பாக்குது." அதற்குப் பிறகு அவன் ஒரு கேலியும் பேசவில்லை. அதுவே என்னை இன்னும் பயமுறுத்தியது.

அப்பா எப்போது வந்தார் என்று தெரியாது. அக்குளில் கைகொடுத்து மேலே தூக்கினார். நேரே கம்பத்துக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தோம். படத்தை போனில் மதுரைக்கு அனுப்பிவிட்டு, பதில் வரும் வரைக்கும் எக்ஸ்ரேக் கடை வாசலில் காரின் பின்சீட்டில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தேன். டாக்டரே கூப்பிட்டார். பந்து கிண்ணத்தில்தான் இருக்கிறது, தசைநார் எலும்பின் மேல் உரசிய சத்தமாக இருக்கலாம், கொஞ்ச நாள் பார்த்து நடங்கள் என்றார். எல்லாரும் மூச்சு விட்டார்கள். அம்மா மட்டும் விடவில்லை.

"நாந்தேன் சொன்னேன். வலது கால வைக்கச் சொன்னது நாந்தேன்" என்று வீட்டுக்கு வந்து மாவு கரைக்கும்போதும் சொன்னார், துணி மடிக்கும்போதும் சொன்னார். அவர்மேல் தப்பு இல்லை என்று நான் சொன்னது காதில் ஏறவில்லை. நானும் அதிகம் சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கு என் பயமே பெரிதாக இருந்தது. முன்பு சாதாரணமாக ஏறிய வாசல்படியில் நின்று எந்தக் கால் என்று யோசித்தேன். கட்டிலில் திரும்பிப் படுக்க பயந்தேன். டக் என்று கதவு சாத்தினால் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வெந்நீர் வைத்துக் குளியலறை நாற்காலியில் உட்கார்ந்து மக்கில் மொண்டு ஊற்றிக்கொள்வதே போதும், தண்ணீர் என்றால் அவ்வளவுதான் என்று இருந்தேன்.

தேனிப் பயிற்சிக்காரியிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அம்மயக் கூட்டிக்கிட்டு வா" என்றார். அம்மா வந்தார். அவரைப் படியில் நிறுத்தி, என் இடுப்பைப் போலவே செய்த பிளாஸ்டிக் எலும்பைக் கையில் கொடுத்து, எந்தக் கால் வைத்தால் பந்து எங்கே போகும் என்று மடக்கி மடக்கிக் காட்டினார். அம்மா அந்த எலும்பைக் கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது பேருந்தில், கண்ணை மூடிக்கொண்டு, "வர்ற வெள்ளிக்கிழமை எறங்கு. நானும் எறங்குறேன்" என்றார்.

"ஒனக்கு நீச்சத் தெரியாதேம்மா."

"மாரளவுத் தண்ணியில நிக்கத் தெரியும்ல."

வெள்ளிக்கிழமை அம்மா எனக்கு முன்னால் இறங்கினார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு நொடி வானத்தைப் பார்த்து, "குத்தம் பாக்காத சாமி" என்று முணுமுணுத்துவிட்டு, தன் இடது காலை முதலில் எடுத்து வைத்தார். அவருடைய இடுப்புக்கு ஒன்றுமே இல்லை. எந்தக் காலை வேண்டுமானாலும் வைக்கலாம். கடைசிப் படியில் நின்று என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். "எடது. எடது கால வையி. இந்தா, எடது."

இறங்கினேன். தண்ணீர் தொடைக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது. குளிர்ந்ததில் மூச்சு முட்டியது. கால் தரையில் இருந்தது, ஆனால் பாரம் இல்லை. புது இடுப்பு எது, பழைய இடுப்பு எது என்று தெரியவில்லை. தெரியாததே பயமாக இருந்தது. கவனிக்காமல் விட்டால் நழுவிவிடுமே. அண்ணன் லாரி டியூப்பைத் தள்ளினான். அதில் மார்பைச் சாய்த்து, காலைப் பின்னால் நீட்டினேன். கட்டிலில் அடித்த மாதிரி மேலும் கீழும் அடித்தேன். நகர்ந்தேன். நிஜமாகவே நகர்ந்தேன். "ஏலே, போறாடா!" என்று அம்மா கத்தினார்.

அப்போது டியூப் ஒரு பக்கம் சரிந்தது. சரிந்ததும் என் கால்கள் மடங்கின. இரண்டும் ஒன்றாக மடங்கி, விரியப் போயின. மூக்கில் தண்ணீர் ஏற, அடியில் காலை ஊன்றி நின்றுவிட்டேன். சத்தம் எதுவும் இல்லை. இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது. ஆனால் பார்த்துவிட்டேன், ஆபத்து என்றதும் என் கால் எங்கே போகிறது என்று. தரை இருந்ததால் பிழைத்தேன்.

அதற்குப் பிறகு பலமுறை இறங்கிவிட்டேன். டியூப் இல்லாமல் மல்லாந்து மிதக்க வருகிறது. காலை நீட்டி அடித்து ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போக வருகிறது. போகும் ஒவ்வொரு முறையும், தரை காலுக்கு அடியில் இருக்கிறது என்கிற நம்பிக்கையில்தான் போகிறேன் என்பதும் தெரிகிறது. நீந்தத் தெரியும் என்று அதை வைத்து நான் சொல்லிக்கொள்ள முடியாது.

அப்பாவிடம் தொட்டியை விளிம்பு வரைக்கும் நிரப்பச் சொல்லியிருக்கிறேன். அவ்வளவு தண்ணீர் என்றால் என் தலைக்கு மேலே ஒரு முழம் நிற்கும். மோட்டாருக்கு வேண்டிய த்ரீபேஸ் கரண்ட் காலையில்தான் வருகிறது, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போட்டுவிடுகிறேன் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணன் ஒரு பக்கம் தண்ணீரில் இருப்பான். அம்மா இறங்க முடியாது, மேலே நிற்பார். நடுத்தொட்டியில், எந்தப் பக்கமும் கை எட்டாத இடத்தில், நான் வேண்டுமென்றே ஒரு தடவை மூழ்கிவிட்டு மேலே வர வேண்டும். பதறும்போது என் கால் மடங்குமா, நீளுமா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் செய்து பார்க்கப் போகிறேன்.